‘அசைவு’ புகைப்படப் போட்டிக்கு முதல்முறை நடுவரா? உட்காரும் முன் படிக்க வேண்டியது

“நீங்க நல்லா படம் எடுக்கிறீங்க. சின்னப் போட்டிதான், தலைப்பு ‘அசைவு’. ஒரு சாயங்காலம் உட்கார்ந்தா முடிஞ்சிடும்” என்றார்கள் அமைப்பாளர்கள். தலையாட்டிவிட்டேன். அந்த ஒரு சாயங்காலம் மூன்று வார இறுதிகளைத் தின்றது. அதுகூடப் பரவாயில்லை. கடைசியில் முதல் பரிசு வாங்கிய படம், நாங்கள் மூன்று நடுவர்களில் ஒருவருக்கும் பிடித்த படம் இல்லை. ஒருவர் மங்கலாகத் தெரிந்தால்தான் அசைவு என்று நினைத்து மதிப்பெண் போட்டார். இன்னொருவர் அந்தரத்தில் உறைந்து நிற்பதுதான் அசைவு என்றார். நான் இரண்டுக்கும் நடுவில் ஊசலாடினேன். மூன்றையும் கூட்டிப் பார்த்தால், யாரையும் உறுத்தாத, யாரும் இரண்டாவது தடவை திரும்பிப் பார்க்காத ஒரு பறவைப் படம் மேலே வந்து உட்கார்ந்திருந்தது. எடுத்தவர் மேல் தப்பில்லை. தப்பு எங்கள் மேல்.

அதற்கப்புறம் இன்னும் சில போட்டிகளுக்குப் போய்விட்டேன். அடிபட்டுக் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதியிருக்கிறேன். உங்களையும் யாராவது கேட்டிருந்தால், பதில் சொல்வதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

1. ‘சரி’ என்று சொல்லும் முன் கேட்க வேண்டியவை

எத்தனை படங்கள் வரும் என்று எதிர்பார்க்கிறார்கள், ஒருவர் எத்தனை படம் அனுப்பலாம், நடுவர்கள் எத்தனை பேர், முடிவு எந்தத் தேதியில் வெளியாக வேண்டும், இவ்வளவையும் கேளுங்கள். கூடவே ஐந்தாவதாக ஒன்று: ஒவ்வொரு படத்துக்கும் கருத்து எழுத வேண்டுமா, பரிசுக்கு வந்தவற்றுக்கு மட்டுமா? இதைக் கேட்காமல் விட்டால் தூக்கம் போகும். ஏன் என்பது நேரக் கணக்கில் தெரியும்.

நடுவர்கள் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்கட்டும். மூன்று போதும், ஐந்து நல்லது. இரண்டு பேர் என்றால் ஒவ்வொரு கருத்து வேறுபாடும் இழுபறியில் முடியும்.

செலவு பற்றிப் பேசக் கூச்சப்படாதீர்கள். மரியாதைத் தொகை உண்டோ இல்லையோ, கையிலிருந்து போகும் காசு என்று ஒன்று இருக்கிறது. படங்களைப் பிரிண்ட் போட்டுத்தான் பார்க்க வேண்டும் என்றால் அந்தச் செலவு யாருடையது? நேரில் கூடிப் பேசுவதென்றால் பயணச் செலவு? மூலக் கோப்புகளைப் பதிவிறக்க ஆகும் டேட்டா, அவற்றை வைத்துக்கொள்ள இடம்? ஒரு ரா கோப்பே (கேமரா பதிவு செய்ததைப் பதப்படுத்தாமல் வைத்திருக்கும் கோப்பு) பல மெகாபைட் பிடிக்கும். அப்படி நூறு கோப்பு வந்தால் மடிக்கணினி திணறிவிடும். இவற்றை மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் மின்னஞ்சலிலேயே வாங்குங்கள். வாய்ப்பேச்சு பிறகு யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

விதிமுறைத் தாளைக் கடைசி வரி வரை படியுங்கள். ‘அனுப்பப்படும் எல்லாப் படங்களின் உரிமையும் அமைப்பாளருக்கே’ என்று எங்கேயாவது ஒளிந்திருந்தால், அதை மாற்றச் சொல்லுங்கள். பரிசு பெற்ற படங்களைப் போட்டி பற்றிய அறிவிப்புகளில் பெயரோடு பயன்படுத்திக்கொள்ளலாம் என்றால் நியாயம். தோற்றவர் படத்தையும் எடுத்துக்கொள்வது என்றால் அது போட்டியே இல்லை, இலவசமாகப் படம் சேர்க்கும் வேலை. அப்படிப்பட்ட இடத்தில் உங்கள் பெயர் நடுவராக இருந்தால், திட்டு உங்களுக்கும் சேர்த்துத்தான் விழும்.

2. தலைப்புக்கு என்ன பொருள் என்று எழுதி வாங்குங்கள்

இதை ஒழுங்காகச் செய்தால் பாதித் தலைவலி குறையும். படங்கள் வந்து சேர்வதற்கு முன்பே செய்ய வேண்டும். ஒரு படத்தைப் பார்த்துவிட்டோம் என்றால், அது பிடித்திருந்தால் தலைப்பை அதற்கேற்ப வளைப்போம், பிடிக்காவிட்டால் நெருக்குவோம். நான் இரண்டையும் செய்திருக்கிறேன்.

சொல்லே வேலை வைக்கும். ‘ஓட்டம்’ என்று அறிவித்தால் ஓடுகிறவர்களும் வண்டிகளுமாக வரும். ‘இயக்கம்’ என்றால் ஊர்வலமும் பதாகையும் சேர்ந்து வரும். அனுப்பியவரைக் குறை சொல்ல முடியாது, நம் மொழியில் அதற்கு அந்தப் பொருளும் உண்டு. ‘அசைவு’ என்றால் இலை நுனியும் கண்ணிமையும்கூட உள்ளே வரும். எந்தச் சொல் போடப் போகிறார்கள் என்பதை அறிவிப்புக்கு முன்பே கேட்டு, உங்கள் கருத்தைச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் சக நடுவர்களோடு உட்கார்ந்து எல்லைக்கோட்டுக் கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். நாங்கள் இப்போது வைத்திருக்கும் கேள்விகள் இவை:

பொருள் நிற்கிறது, கேமரா அசைந்திருக்கிறது. மரங்களைப் பார்த்துக் கேமராவை மேலிருந்து கீழே இழுத்து எடுத்த படம், ஷட்டர் (கேமராவுக்குள் ஒளியை விடும் திரை) திறந்திருக்கும்போதே ஜூம் செய்த படம் எல்லாம் இந்த வகை. உள்ளேயா, வெளியேயா?

அசைவு நடந்து முடிந்துவிட்டது, தடம்தான் மிச்சம். மணலில் காலடி, சாலையில் டயர் தேய்த்த கறுப்பு, கவிழ்ந்த கோப்பை. உள்ளேயா?

நட்சத்திரத் தடங்கள்? ஒரு மணி நேரம் ஷட்டரைத் திறந்து வைத்தால் ஒவ்வொரு நட்சத்திரமும் 15 பாகை வில்லாக வளையும். அசைந்தது நட்சத்திரம் இல்லை, பூமியும் அதன் மேல் இருந்த கேமராவும். எங்கள் குழுவில் இது ஒரு மணி நேரச் சண்டை. கடைசியில் உள்ளே விட்டோம்.

பல படங்களை ஒன்றாக ஒட்டி, ஒரே ஆள் குதிப்பதை ஏழு நிலையில் காட்டுவது? விதியில் இதற்கு இடம் இருக்கிறதா?

பதில்கள் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும். எழுத்தில் இருந்தால் போதும். முடிந்தால் அந்தப் பதில்களை அறிவிப்பிலேயே சேர்க்கச் சொல்லுங்கள்; அனுப்புகிறவர்களுக்கும் அது நியாயம்.

எனக்கென்று ஒரு சோதனை வைத்திருக்கிறேன். அசைகிற பொருளைக் கட்டைவிரலால் மறைத்துப் பார்ப்பேன். சூரிய அஸ்தமனப் படம், மூலையில் கடுகளவு ஒரு பறவை. விரலை வைத்தாலும் படம் அப்படியே அழகாகத்தான் இருக்கிறது என்றால், அது அஸ்தமனப் படம். தலைப்புக்காகப் பறவை ஒட்டிக்கொண்டிருக்கிறது. நல்ல படம்தான், வேறு போட்டிக்கு.

3. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

விதிமுறைத் தாள். எல்லைக்கோட்டுக் கேள்விகளின் பதில்கள். பெயர் நீக்கி வரிசை எண் மட்டும் போட்ட படப் பட்டியல். மதிப்பெண் தாள். தெரிந்தவர் படம் வந்தால் விலகிக்கொள்வதாக ஒவ்வொரு நடுவரும் கையெழுத்திட்ட ஒரு பக்கம். கடைசியாக, முடிவுக் குறிப்பு எழுத ஒரு வெற்றுத் தாள்.

பெயர் நீக்குவதில் ஒரு பொறி இருக்கிறது. அமைப்பாளர்கள் பட்டியலில் பெயரை எடுத்துவிடுவார்கள். கோப்பின் பெயரிலேயே அனுப்பியவர் பெயர் இருக்கும். அதை எடுத்தால் படத்தின் மூலையில் வாட்டர்மார்க் இருக்கும். அதையும் தடுத்தால் எக்சிஃப் தகவலில் (தேதி, ஷட்டர் வேகம் என்று கோப்புக்குள்ளேயே பதிவாகும் விவரம்) பதிப்புரிமை என்ற இடத்தில் முழுப் பெயர் உட்கார்ந்திருக்கும். நடுவர்களுக்கு வரும் பிரதியில் மூன்றும் இருக்கக் கூடாது. மூலப் பிரதி, எக்சிஃப் கலையாமல், அமைப்பாளரிடம் தனியாக இருக்க வேண்டும்.

சிறுவர் சிறுமியர் படம் இந்தத் தலைப்பில் நிறைய வரும். ஓடுவது, குதிப்பது, ஊஞ்சல் ஆடுவது என்று. அடையாளம் தெரியும்படி இருந்தால் பெற்றோர் ஒப்புதல் கேட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பரிசு அறிவித்த பிறகு ஒரு அம்மா வந்து ‘என் பிள்ளை படத்தை யார் போடச் சொன்னது’ என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது.

4. திரையைச் சரிசெய்யுங்கள்

சொல்ல வெட்கமாக இருக்கிறது. முதல் போட்டியில் இரவில் உட்கார்ந்து மதிப்பெண் போட்டேன். கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று திரையை மஞ்சளாக்கும் இரவு முறை தானாக ஓடிக்கொண்டிருந்தது. நீல வேளையில், அதாவது சூரியன் மறைந்ததும் வானம் நீலமாக இருக்கும் நேரத்தில், எடுத்த அருமையான படங்களுக்கெல்லாம் ‘நிறம் சேறு மாதிரி’ என்று குறிப்பு எழுதி வைத்திருந்தேன். மறுநாள் காலையில் பார்த்தபோது சேறு என் திரையில்தான் இருந்தது.

இரவு முறை, அறை வெளிச்சத்துக்கேற்ப நிறம் மாற்றும் வசதி, தானியங்கி வெளிச்சம் மூன்றையும் அணைத்துவிடுங்கள். திரையை எஸ்ஆர்ஜிபி (sRGB) என்ற பொதுவான நிற நிலையில் வையுங்கள். வெளிச்சத்தை நடுத்தரமாக வைத்து, எல்லா நாளும் அதே அளவில் பாருங்கள். நிற அளவுமானி யாரிடமாவது இரவல் கிடைத்தால் வாங்கி ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளலாம்; இதற்காகச் சொந்தமாக வாங்க வேண்டாம். கைபேசியில் மட்டும் பார்க்காதீர்கள். கை நடுங்கி எடுத்த படம் சின்னத் திரையில் துல்லியமாகத் தெரியும், பெரிய திரையில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

5. நேரக் கணக்கு

240 படம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். மதிப்பெண் போடாமல் எல்லாவற்றையும் ஒரு தடவை பார்க்க, படத்துக்கு 10 விநாடி: 40 நிமிடம். முதல் சுற்று, படத்துக்கு 20 விநாடி: 80 நிமிடம். அதில் 60 படம் தேறினால் இரண்டாம் சுற்றுக்குப் படத்துக்கு ஒரு நிமிடம்: ஒரு மணி நேரம். கடைசி 20 படத்துக்கு மும்மூன்று நிமிடம்: இன்னொரு மணி நேரம். சக நடுவர்களோடு பேச இரண்டு மணி நேரம். இருபது படத்துக்குக் கருத்து எழுத, ஒன்றுக்கு ஆறு நிமிடம்: இரண்டு மணி நேரம். மொத்தம் எட்டு மணி நேரம். ‘ஒரு சாயங்காலம்’ என்றது இதைத்தான்!

எல்லாப் படத்துக்கும் இரண்டிரண்டு நிமிடம் கருத்து எழுதச் சொன்னால் அது மட்டுமே இன்னொரு எட்டு மணி நேரம். முதல் கேள்விகளில் ஐந்தாவதை ஏன் அழுத்திச் சொன்னேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

முக்கால் மணிக்கு ஒரு தடவை எழுந்துவிடுங்கள். களைத்த கண்ணுக்கு நிறம் கொழுத்த படம்தான் பிடிக்கும். நாள் கணக்கில், படம் அனுப்பக் கடைசித் தேதிக்கும் முடிவு அறிவிப்புக்கும் இடையே மூன்று வாரம் கேளுங்கள். ஒரு வாரம் சுற்றுகளுக்கு, ஒரு வாரம் மூலக் கோப்பு வாங்கிச் சரிபார்க்க, ஒரு வாரம் பேச்சுக்கும் எழுத்துக்கும். பத்து நாளில் முடிக்கச் சொன்னால், சரிபார்ப்பைத்தான் முதலில் வெட்டுவார்கள். அதை வெட்டக் கூடாது.

6. முதல் சுற்று: மதிப்பெண்ணைத் தொடாதீர்கள்

எடுத்தவுடன் ஒன்றாம் எண் படத்துக்கு மதிப்பெண் போட ஆரம்பித்தால், முதல் முப்பது படங்கள் பலியாகும். பின்னால் இதைவிட நல்லது வரும் என்று கஞ்சத்தனம் பண்ணுவோம். அதனால் முதலில் முழுவதையும் சும்மா ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகு ‘உள்ளே’, ‘வெளியே’, ‘தெரியவில்லை’ என்று மூன்று கூடையாகப் பிரியுங்கள். இரண்டாவது தடவை பார்க்கும்போது கடைசி எண்ணிலிருந்து தலைகீழாக வாருங்கள். ‘தெரியவில்லை’ கூடையை அவசரப்பட்டுக் காலி செய்ய வேண்டாம். நான் பார்த்தவரை, பரிசுக்குரிய படம் பல தடவை அதில்தான் கிடந்தது.

7. அசைவைப் படிப்பது

இனிமேல்தான் உண்மையான வேலை. தலைப்பு ‘அசைவு’ என்றாலும் நம் கையில் இருப்பது அசையாத ஒரு படம். எடுத்தவர் என்ன ஷட்டர் வேகம் வைத்தார் (அதாவது ஷட்டரை எவ்வளவு நேரம் திறந்து வைத்தார்), ஏன் அதை வைத்தார் என்று ஊகிக்கத் தெரிந்தால்தான் மதிப்பெண்ணுக்குக் காரணம் சொல்ல முடியும்.

ஒரு மிதிவண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு சுமார் ஐந்தரை மீட்டர். 1/1000 விநாடியில் அது அரை சென்டிமீட்டர்தான் நகரும். கேமராவை அசைக்காமலே எடுத்தாலும் வண்டி துல்லியமாக நிற்கும். ஆணி அடித்து மாட்டிய மாதிரியும் இருக்கும். 1/30 விநாடியில் அதே வண்டி 18 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். கேமரா அசையாமல் இருந்தால் படத்தில் ஒரு தீற்றல்தான் மிஞ்சும். ஓட்டுபவரோடு சேர்த்துக் கேமராவையும் திருப்பிக்கொண்டே போனால், அதாவது பேனிங் செய்தால், முகம் நிற்கும், பின்னணி கோடாக ஓடும். அந்த ஒரு படத்துக்காக அவர் அறுபது, எழுபது தடவை தவறவிட்டிருப்பார். பேனிங் படத்தில் கொஞ்சம் மென்மை இருந்தால் மன்னித்துவிடுங்கள். முகமோ கண்ணோ, பார்வை போய் உட்கார ஒரே ஓர் இடம் தெளிவாக இருந்தால் போதும்.

உறைய வைத்த படங்களில் என்ன பார்ப்பது? உறைந்த கணம் எது என்று பாருங்கள். ஹெலிகாப்டரை 1/2000 விநாடியில் எடுத்தால் இறக்கைகள் அப்படியே நின்றுபோய், வானத்தில் தொங்கவிட்ட பொம்மை மாதிரி ஆகிவிடும். அங்கே துல்லியமே குறை. தண்ணீரை உதறும் நாய்க்கு அதே வேகம் வைத்தால், ஒவ்வொரு துளியும் காதும் வெவ்வேறு திசையில் பறக்கும். அங்கே துல்லியம்தான் படமே.

ஊஞ்சல் படம் ஒன்று எனக்கு நிறையச் சொல்லிக்கொடுத்தது. ஊஞ்சல் இரண்டு முனையிலும் ஒரு கணம் நின்றுதான் திரும்பும். அந்த முனையில் எடுத்தால் மெதுவான ஷட்டரிலேயே குழந்தை தெளிவாக விழும். ஆனால் பார்ப்பவருக்கு, சாய்ந்த பலகையில் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் இருக்கும். எங்களுக்கு வந்த படமும் முனையில் எடுத்ததுதான். ஆனால் முடி மட்டும் இன்னும் முன்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது, ஒரு செருப்பு கால் விரலிலிருந்து பாதி கழன்றிருந்தது. உடம்பு நின்றுவிட்டது, முடிக்கும் செருப்புக்கும் இன்னும் தகவல் போகவில்லை. ஒரு நடுவர் ‘இதில் அசைவே இல்லையே’ என்று பத்துக்கு 3 போட்டார். செருப்பைக் காட்டியதும் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

இன்னொரு வகை, மங்கல். வேண்டுமென்று வைத்த மங்கலுக்குத் திசை இருக்கும். ஓடுகிறவர் இடமிருந்து வலம் போகிறார் என்றால் தீற்றலும் அப்படியே போகும், கட்டடம் அசையாமல் நிற்கும். கை நடுங்கி வந்த மங்கலில் கட்டடம், ஆள், தெருவிளக்கு எல்லாம் ஒரே மாதிரி, ஒரே பக்கம் வழிந்திருக்கும். விளக்குப் புள்ளிகளைப் பாருங்கள். புள்ளி ஒரு சின்னப் புழுவாக நெளிந்திருந்தால் கை நடுங்கியிருக்கிறது. ஃபோகஸ் தவறியது மூன்றாவது வகை. அதில் தீற்றலே இருக்காது, புள்ளிகள் வட்டமாக ஊதியிருக்கும், முன்னாலோ பின்னாலோ வேறு ஏதாவது தெளிவாக இருக்கும். இந்த மூன்றையும் பிரிக்கத் தெரியாமல் ‘ஷேக் ஆகிவிட்டது’ என்று ஒரே சொல்லில் தள்ளுவதுதான் புது நடுவர்களின் பெரிய தவறு.

பட்டு மாதிரி வழியும் அருவி நிச்சயம் வரும். ஒன்றல்ல, இருபது வரும். நமக்கு அலுத்துவிடும். ஆனால் அனுப்பியவருக்கு அது முதல் அருவியாக இருக்கலாம். கேமரா முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய், பத்து நிறுத்த ஃபில்டர் (வெளிச்சத்தை ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் கண்ணாடி) மாட்டி, 1/60 விநாடியை 17 விநாடியாக நீட்டி எடுத்திருப்பார். அலுப்புக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். தண்ணீர் பட்டாவதற்கு மேல் அந்தப் படத்தில் வேறு என்ன நடக்கிறது என்று மட்டும் கேளுங்கள். பாறை மேல் ஒரு இலை அசையாமல் ஒட்டியிருக்கிறதா? நுரை சுழன்று வட்டம் போட்டிருக்கிறதா? எதுவும் இல்லை என்றால் நடுவான மதிப்பெண், அவ்வளவுதான்.

இன்னொரு பொறி, வளைந்த பொருட்கள். பெரும்பாலான கைபேசிக் கேமராக்கள் படத்தை வரிவரியாகப் படிக்கும். மேல் வரியைப் படித்துக் கீழ் வரிக்கு வருவதற்குள் பொருள் நகர்ந்துவிடும். அதனால் விசிறி இறக்கை வாழைப்பழமாக வளையும், ரயில் ஜன்னல் வழியே தெரியும் கம்பம் சாயும். கணினியில் கெடுத்த படம் என்று நினைத்துவிட வேண்டாம். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ழாக் ஆன்ரி லார்த்திக் எடுத்த பழைய பந்தயக் கார் படத்திலும் இதே சங்கதிதான்: சக்கரம் முட்டை வடிவில் முன்னால் சாய்ந்திருக்கும், ஓரமாக நிற்கும் மக்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருப்பார்கள். அந்தக் காலத்துத் திரைச்சீலை ஷட்டர் செய்த வேலை. அந்தச் சாய்வுதான் இன்றைக்கும் அந்தக் காருக்கு வேகம் கொடுக்கிறது.

8. மதிப்பெண் தாள்

அமெரிக்கத் தொழில்முறைப் புகைப்படக்காரர்கள் அமைப்பு ஒரு படத்தை 12 அம்சங்களில் பார்க்கும் பட்டியல் ஒன்றைப் போட்டிருக்கிறது. நல்ல பட்டியல்தான், ஆனால் அமெச்சூர் போட்டிக்கு அது யானைக்கட்டுச் சங்கிலி. நான்கு போதும்: அசைவு எவ்வளவு வேலை செய்கிறது, கணமும் பார்வையும், அமைப்பும் வெளிச்சமும், தொழில்நுட்பம். முதலாவதற்கு 40, அடுத்ததற்கு 30, கடைசி இரண்டுக்கும் 15, 15. தொழில்நுட்பத்துக்கு ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்பார்கள். அசைவு ஒழுங்காக வந்திருந்தால் தொழில்நுட்பம் ஏற்கெனவே முதல் நாற்பதில் மதிப்பெண் வாங்கியிருக்கும்.

பெரிய பொறி கூட்டலில் இருக்கிறது. சுருக்கத்துக்காகப் பத்துக்கு மதிப்பெண் என்று வைத்துக்கொள்வோம். முதல் நடுவர் ஊஞ்சலுக்கு 8, பறவைக்கு 6. இரண்டாமவர் ஊஞ்சலுக்கு 7, பறவைக்கு 6. மூன்றாமவர் ஊஞ்சலுக்கு 3, பறவைக்கு 9. கூட்டினால் ஊஞ்சல் 18, பறவை 21. மூன்றில் இரண்டு பேருக்கு ஊஞ்சல்தான் பிடித்தது, ஆனால் பறவை ஜெயித்துவிட்டது. 6, 7, 8 என்று மிதமாகப் போடுகிறவர்கள் இருவர். 1 முதல் 10 வரை வீசிப் போடுகிறவர் ஒருவர். போட்டியை அவர் ஒருவரே முடிவு செய்துவிட்டார், அவருக்கே தெரியாமல்.

இதற்கு மருந்து மூன்று. முதலில், போட்டியில் இல்லாத 20 படங்களை வைத்து எல்லோரும் மதிப்பெண் போட்டுப் பழகுங்கள். யார் கஞ்சன், யார் வள்ளல் என்று தெரிந்துவிடும். இரண்டாவது, மதிப்பெண்ணை இறுதிச் சுற்றுக்குப் படம் பொறுக்க மட்டும் பயன்படுத்துங்கள். கடைசி இருபதை ஆளுக்கு ஆள் 1, 2, 3 என்று வரிசைப்படுத்திக் கொடுக்கட்டும். அங்கே வீச்சு விளையாடாது. மூன்றாவது, மதிப்பெண் என்னவாக இருந்தாலும் ஒவ்வொரு நடுவரும் ஒரே ஒரு படத்தைக் கையைப் பிடித்து இறுதிச் சுற்றுக்கு இழுத்து வரலாம் என்று விதி வையுங்கள். எங்கள் முதல் போட்டியில் இந்த விதி இருந்திருந்தால் கதை வேறாகியிருக்கும்.

சம மதிப்பெண் வந்தால் என்ன செய்வது என்பதையும் முன்னாலேயே எழுதிவிடுங்கள். நாங்கள் அசைவுக்கான 40 மதிப்பெண்ணில் யாருக்கு அதிகம் என்று பார்ப்போம்.

9. மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்

எல்லோரிடமும் வேண்டாம், இறுதி இருபது பேரிடம் மட்டும். ஐந்து நாள் அவகாசம் கொடுங்கள். ரா கோப்போ கேமராவிலிருந்து நேராக வந்த ஜேபெக்கோ எதுவானாலும் சரி. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கி, எக்சிஃப் போய்விடும் என்பதைக் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: அந்தப் படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு மூன்று படங்கள். அசைவைப் படம் எடுப்பவர் ஒரே ஒரு தடவை அழுத்திவிட்டு வீட்டுக்குப் போவது அரிது. அக்கம்பக்கப் படங்கள் இருந்தால் முக்கால்வாசி சந்தேகம் தீர்ந்துவிடும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? 2009ஆம் ஆண்டுக்கான வைல்ட்லைஃப் ஃபோட்டோகிராபர் ஆஃப் தி இயர் போட்டியில், வேலிக் கதவைத் தாண்டிப் பாயும் ஓநாயின் படம் முதல் பரிசு வாங்கியது. பழக்கிய ஓநாயாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நடுவர்கள் முடிவுக்கு வந்து, 2010 ஜனவரியில் தகுதிநீக்கம் செய்தார்கள். எடுத்தவர் கடைசி வரை மறுத்தார். 2023இல் சோனி உலகப் புகைப்பட விருதுகளில் ஜெர்மன் கலைஞர் போரிஸ் எல்டாக்சன் தன் படம் செயற்கை நுண்ணறிவில் உருவானது என்று சொல்லி, கிடைத்த பரிசையே வேண்டாம் என்றார். அந்த அளவு பெரிய மேடைகளிலேயே இப்படி என்றால், மூன்று பேர் மடிக்கணினியோடு உட்காரும் நம் போட்டி எம்மாத்திரம்.

போலி பேனிங்கைக் கண்டுபிடிக்கக் காலையும் சக்கரத்தையும் பாருங்கள். உண்மையான பேனிங்கில் மிதிவண்டிக்காரரின் தலை தெளிவாக இருந்தாலும் மிதிக்கும் பாதம் மேலும் கீழும் போவதால் மங்கியிருக்கும், ஆரக்கால்கள் கரைந்திருக்கும். பின்னணிக்கு மட்டும் கணினியில் தீற்றல் போட்ட படத்தில் ஆரக்கால்கள் எண்ணும்படி நிற்கும். தோளைச் சுற்றிச் சட்டை நிறமே பின்னணியில் கொஞ்சம் கசிந்திருக்கும். வண்டி நிற்கும்போது எடுத்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஆனால் அவசரப்படாதீர்கள். ஒருவர் பட்டுபோல வழியும் ஓடைப் படம் அனுப்பினார். எக்சிஃப்பில் ஷட்டர் வேகம் 1/60 என்று இருந்தது. ‘பிடித்துவிட்டேன்’ என்று குதித்தேன். விசாரித்தால், கைபேசி பல படங்களை அடுக்கி நீண்ட ஷட்டர் மாதிரி காட்டும் வசதியில் எடுத்தது. அப்படி எடுக்கும்போது எக்சிஃப் ஒற்றைப் படத்தின் வேகத்தைக் காட்டலாம். விதியில் கைபேசிக்குத் தடை இல்லை. மன்னிப்புக் கேட்டேன். அதேபோல எக்சிஃப் இல்லை என்பதாலேயே திருட்டு என்று ஆகாது, திருத்தும் மென்பொருள் ஏற்றுமதி செய்யும்போது உதிர்ந்திருக்கலாம். தேதி தப்பாக இருந்தால் பெரும்பாலும் கேமராவில் கடிகாரம் வைக்காத சோம்பல்தான். முதலில் கேளுங்கள், ரகசியமாகக் கேளுங்கள், பதில் வந்த பிறகு முடிவெடுங்கள்.

10. சக நடுவர்களோடு பேசும் நாள்

எல்லோரும் மதிப்பெண் தாளைக் கொடுத்த பிறகுதான் பேச்சு. அதற்கு முன் ‘அந்த நாய் படம் பார்த்தீங்களா’ என்று குழுவில் ஒரு வரி போட்டாலும் கெட்டது. பேசும்போது வயதிலோ அனுபவத்திலோ இளையவர் முதலில் பேசட்டும். மூத்தவர் முதலில் ஒன்று சொல்லிவிட்டால், மற்றவர்கள் ‘சார் சொல்றது சரிதான்’ என்று பின்னால் போய்விடுவார்கள், நானும் போயிருக்கிறேன். ‘பிடித்திருக்கிறது’ என்று யாராவது சொன்னால், படத்தில் எந்த இடம் என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாத பிடித்தம் பெரும்பாலும் பொருளின் மேல்தான், படத்தின் மேல் இல்லை.

11. கருத்து எழுதுவது

மூன்று வாக்கியம் போதும். என்ன பார்த்தீர்கள், எது வேலை செய்கிறது, அடுத்த தடவை எதை மாற்றிப் பார்க்கலாம். ‘இன்னும் நன்றாக முயற்சி செய்யவும்’ என்று எழுதுவதற்கு எழுதாமலே இருக்கலாம். ஊஞ்சல் படத்துக்கு நாங்கள் எழுதியது இப்படி: “உடல் நின்ற கணத்தில் முடியும் செருப்பும் இன்னும் ஓடுகின்றன. அதுதான் இந்தப் படத்தின் உயிர். வலது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட ஆள் கண்ணை இழுக்கிறார். ஒரு எட்டு இடப்பக்கம் நகர்ந்திருந்தால் அவர் மறைந்திருப்பார்.” அனுப்பியவர் அடுத்த போட்டிக்கு ஒரு எட்டு நகர்ந்து எடுத்த படத்தை அனுப்பினார். செருப்பு இந்தத் தடவை காலிலேயே இருந்தது, என்ன செய்ய.

12. அறிவித்த பிறகு

முடிவுக் குறிப்பில் நடுவர்கள் எல்லோரும் கையெழுத்திட்டு, யார் எந்தப் படத்திலிருந்து விலகிக்கொண்டார் என்பதையும் எழுதி, ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். புகார் அனுப்ப ஏழு நாள் என்று அறிவிப்பிலேயே போடச் சொல்லுங்கள். புகார் வந்தால் அமைப்பாளர் வழியாக மட்டும் பதில் போகட்டும். தனிச் செய்தியில் உங்களிடம் வந்து கேட்பவருக்கு மரியாதையாக அமைப்பாளரைக் கைகாட்டிவிடுங்கள். பரிசைப் புகார் நாட்கள் முடிந்த பிறகு அனுப்பினால் திரும்ப வாங்கும் சங்கடம் இல்லை. மதிப்பெண் தாள்களை ஆறு மாதம் வைத்திருங்கள். மற்றவர்களின் ரா கோப்புகளை மட்டும் புகார்க் காலம் முடிந்த அன்றே அழித்துவிட்டு, அழித்தாயிற்று என்று அவர்களுக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள்.